‘மற்றவை’ கட்டத்திலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஷெங்கன் விசா விதிகளை வகுப்போர், ஐரோப்பிய ஆணையம், பிரஸ்ஸல்ஸ்

ஐயா, அம்மையீர்,

வணக்கம். பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்துத் தரும் உங்கள் ஷெங்கன் விசாவுக்காகப் போனபோது எழும்பூரில் ஒரு டிராவல்ஸ்காரர் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்த மடலுக்கு வேலையே இருந்திருக்காது. “லவ்வர்னு மட்டும் எங்கேயும் எழுதிடாதீங்க மேடம்,” என்றார். “ஃப்ரெண்டுன்னு போடுங்க. அதுகூட வேண்டாம். பாரிஸ், ரோம், சுவிஸ்னு பத்து நாள் டூர் மாதிரி போட்டுத் தர்றேன். ஓட்டல் புக்கிங் நம்ம பொறுப்பு. விசா வந்ததும் கேன்சல் பண்ணிக்கலாம்.”

எனக்குச் சுருக்கென்றது. நாலு வருஷமாக ஆபீஸிலும் வீட்டு ஓனரிடமும் சொல்லத் தயங்கிய விஷயத்தை ஓர் அரசாங்கத்திடமாவது நேராகச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐரோப்பாதானே, கல்யாணம் ஆகாத ஜோடி அங்கே என்ன அதிசயமா? அந்த நம்பிக்கையில் கவரிங் லெட்டரில் உள்ளது உள்ளபடி எழுதினேன். என்னை அழைத்திருக்கும் இவர் என் இணை. எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இவருடைய அம்மாவுக்கு 2024 அக்டோபரில் எழுபது வயது நிறைகிறது. அதற்கு 18 நாள் போய் வர வேண்டும்.

பதினோராம் நாள் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. உள்ளே விசா இல்லை. அச்சடித்த ஒரு தாள் இருந்தது. அதில் வரிசையாகக் காரணங்கள், ஒன்றே ஒன்றுக்கு முன்னால் டிக். விசாக் காலம் முடிவதற்குள் நான் உறுப்பு நாடுகளை விட்டுக் கிளம்புவேன் என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறதாம்.

எந்த நாட்டுத் தூதரகம் என்று சொல்லப்போவதில்லை. அங்கே கவுன்டருக்குப் பின்னால் இருப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் கையில் இருக்கும் புத்தகம் உங்களுடையது. 2009-இல் நிறைவேற்றி 2010 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த விசா சட்டத் தொகுப்பில் 32-ஆவது பிரிவு இது. அந்தத் தாளில் டிக் போட வேண்டிய வாசகங்கள்கூட நீங்கள் அச்சிட்டுக் கொடுத்தவை. அதனால்தான் மடலும் உங்களுக்கு.

என் கோப்பில் என்னென்ன இருந்தன என்று சொல்லிவிடுகிறேன். ஆறு மாத வங்கிக் கணக்கு, மூன்று வருஷ வருமான வரி ரிட்டர்ன், கிண்டியில் நான் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கும் நிறுவனத்தின் விடுப்புக் கடிதம், 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, போகவர டிக்கெட் முன்பதிவு, செலவு முழுவதும் தன்னுடையது என்று அவர் கையெழுத்திட்ட உறுதிமொழி, அவர் எழுதிய அழைப்புக் கடிதம். அப்புறம் அவருடைய பாஸ்போர்ட்டில் சென்னை விமான நிலைய முத்திரைகள் இருக்கும் பக்கங்களின் நகல். அந்த முத்திரைகள்தான் என் பெருமை. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு இயந்திரம் பொருத்த வந்த மனிதர், வேலை முடிந்த பிறகும் ஏழு முறை வந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் சோபாவில் உட்கார்ந்தபடியே இ-விசாவுக்கு விண்ணப்பித்து வந்தவர். எதிர்த் திசையில் நான் ஒரு முறை கேட்டதற்கு 90 யூரோ கட்டணம். விண்ணப்பங்களை வாங்கும் சேவை மையத்துக்குத் தனி. விசா மறுக்கப்பட்டால் இரண்டும் திரும்பாது என்பது தெரிந்ததே. ஜூன் 2024 வரை 80 யூரோவாக இருந்ததாம். நாலு மாதம் முன்னால் கேட்டிருந்தால் சந்தேகம் கொஞ்சம் மலிவாகக் கிடைத்திருக்கும்.

அதே மாதத்தில் என் பக்கத்து மேசைத் தோழி ஒரு டூர் பேக்கேஜில் போனாள். என்னைவிட மூன்று வயது சின்னவள், ஏறக்குறைய அதே சம்பளம், அவளுக்கும் கல்யாணம் ஆகவில்லை. விசா வந்தது. இதை வைத்து நான் எதையும் நிரூபித்துவிட முடியாது. ஒவ்வொரு கோப்பும் தனி என்பீர்கள். சரி. ஆனால் எங்கள் இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணில் படும் வித்தியாசம் ஒன்றுதான். அவளுக்கு அங்கே யாரும் இல்லை. எனக்கு ஒருவர் இருக்கிறார்.

அந்த ஒருவர் கணவராக இருந்திருந்தால் உங்கள் சட்டங்களில் எனக்கு ஒரு பெயர் கிடைத்திருக்கும். வெறும் நண்பராக இருந்திருந்தால் யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். நடுவில் இருப்பதால் நான் திரும்பிப் போகாமல் இருந்துவிடக் காரணம் உள்ளவள் ஆகிவிட்டேன். 2013 டிசம்பர் 19 அன்று, ஈரானியர் ஒருவரின் வழக்கில், உங்கள் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமே இந்தச் சந்தேகத்தை எப்படி எடைபோட வேண்டும் என்று சொன்னது. விண்ணப்பித்தவர் நாட்டின் பொது நிலையையும், அவருடைய குடும்ப, சமூக, பொருளாதார நிலையையும், இதற்கு முந்தைய பயணங்களையும், சொந்த நாட்டில் அவருக்குள்ள பிடிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். என் பிடிப்பு குரோம்பேட்டையில் இருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை போடும் அம்மா, பதினான்கு வருஷம் பாக்கியுள்ள வீட்டுக் கடன். இவற்றையெல்லாம் தராசில் வைத்துத்தான் டிக் போட்டார்களா? தாளில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. மேல்முறையீடு செய்யலாம் என்று கீழே போட்டிருந்தது. அந்த நாட்டு வக்கீலுக்கு என்ன ஆகும் என்று விசாரித்தேன். விமான டிக்கெட்டைவிட அதிகம். விட்டுவிட்டேன். மறுப்பு மட்டும் உங்கள் விசா தகவல் தொகுப்பில் ஐந்து வருஷம் உட்கார்ந்திருக்கும்.

இனி சொல்லைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் மொழியிலும் இந்த உறவுக்குச் சரியான பெயர் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். காதலர் என்றால் சினிமா வாசனை. துணைவி என்று சொல்லிக்கொண்டால், தமிழ்நாட்டில் அது அரசியல் தலைவரின் இரண்டாம் வீட்டம்மாவுக்கு வைத்த சொல். இணையர் என்று எழுதலாம். அம்மாவிடம் அப்படிச் சொன்னால் “மேடையில பேசுற மாதிரி இருக்கு” என்பாள். அவருடைய தாய்மொழி ஜெர்மன். (அது பேசும் நாடுகள் பல, கணக்குப் போட வேண்டாம்.) அழைப்புக் கடிதத்தில் அவர் என்னை ‘லேபன்ஸ்கெஃபேர்ட்டின்’ என்று எழுதியிருந்தார். அர்த்தம் கேட்டேன். கெஃபேர்ட்டே என்பது பயணம் என்ற சொல்லிலிருந்து பிறந்ததாம். கூடவே பயணம் போகிறவர் என்று பொருள். வாழ்நாள் சகபயணி. அந்தக் கடிதத்தைத்தான் பயணம் போக விடாத கோப்பில் சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறார்கள்.

உங்கள் விண்ணப்பப் படிவத்திலும் ஒரு கட்டம் உண்டு. ஐரோப்பியக் குடிமகனோடு குடும்ப உறவு என்று போட்டு, கணவன் அல்லது மனைவி, பிள்ளை, பேரப்பிள்ளை, சார்ந்திருக்கும் பெற்றோர், பதிவு செய்த இணை, கடைசியில் ‘மற்றவை’. நான் ‘மற்றவை’யைத் தொட்டேன். சேவை மையத்துப் பெண் பேனாவைத் தடுத்துவிட்டாள். “அது உங்களுக்கு இல்லைங்க, வெறுமையா விட்டுடுங்க.” அவள் சொன்னது சரிதான், பிறகு படித்துப் பார்த்தேன். அந்தக் கட்டம் உங்கள் 2004-ஆம் ஆண்டுச் சுதந்திர நடமாட்டச் சட்டத்தின் கீழ் வருகிறவர்களுக்கு.

அந்தச் சட்டத்தைப் படித்தபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. அதன் மூன்றாம் பிரிவில் நாங்கள் இருக்கிறோம்! ‘முறையாகச் சான்று காட்டப்பட்ட நீடித்த உறவில் உள்ள இணை’. அந்த இணையின் வருகைக்கு உறுப்பு நாடு வழி செய்து தர வேண்டும். ஆனால் ஐரோப்பியக் குடிமகன் தன் சொந்த நாட்டை விட்டு வேறொரு உறுப்பு நாட்டுக்குப் போனால்தான் இது செல்லும். அதாவது நாங்கள் லிஸ்பனில் சந்திக்கப் போகிறோம் என்றால் இந்தச் சட்டத்தைக் காட்டி வாதாடலாம். அவர் பிறந்த ஊரில், அவர் அம்மா கேக் வெட்டும் வீட்டில் சந்திக்கிறோம் என்றால் இந்தச் சட்டத்துக்கு என்னைத் தெரியாது. 2018 ஜூலையில் பேங்கர் என்ற தென்னாப்பிரிக்கப் பெண்ணின் வழக்கில் நீதிமன்றம் இதைக் கொஞ்சம் தளர்த்தியது. ஐரோப்பியர் வேறொரு உறுப்பு நாட்டில் இணையோடு வாழ்ந்துவிட்டுச் சொந்த நாட்டுக்குத் திரும்பினால், கல்யாணம் ஆகாத அந்த இணைக்கும் வழி செய்து தர வேண்டும் என்றது. சொந்த ஊரிலேயே இருந்துவிட்ட மனிதரின் காதலுக்கு அதிலும் இடமில்லை.

அந்த ‘நீடித்த உறவு’க்கு என்ன சான்று? சில நாடுகள் இத்தனை காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்று கேட்கின்றன. காலக்கணக்கு மட்டும் போதாது, மற்றதையும் பாருங்கள் என்று 2009-இல் நீங்கள் வழிகாட்டினீர்கள். நல்லது. அதற்கு நீங்கள் தந்த உதாரணம் என்ன தெரியுமா? சேர்ந்து வாங்கிய வீட்டுக் கடன். ஐயா, வெளிநாட்டில் வசிக்கும், இந்திய வம்சாவளி அல்லாத ஒருவர் இங்கே வீடு வாங்கவே எங்கள் அந்நியச் செலாவணிச் சட்டம் விடாது. வாடகைக்கா? கல்யாணம் ஆகாத ஜோடிக்கு வீடு என்றால் புரோக்கர் முதலில் கேட்பது ‘ஃபேமிலியா?’ கோயம்புத்தூரில் கல்யாணம் ஆகாத ஜோடி தங்கியதைக் காரணம் காட்டி ஒரு விடுதிக்குச் சீல் வைத்தார்கள். அப்படித் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இந்த ஊரில் இருந்துகொண்டு, இரண்டு பெயரும் போட்ட ஒரு மின்கட்டண ரசீதுக்கு நான் எங்கே போவேன்?

‘கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தால் முடிந்தது’ என்று உங்களில் யாராவது நினைக்கலாம். எங்கள் சொந்தக்காரர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். எங்கள் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி முடிக்கலாம்தான். பதிவு அலுவலகத்தில் முப்பது நாள் அறிவிப்பு ஒட்டி, யாரும் ஆட்சேபிக்காவிட்டால் கையெழுத்து. ஆனால் எங்கள் வழக்கம் ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். சம்மதம் சொல்வதற்கு முன்னால் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவார்கள். பேச்சு கூடிவரும் வரைக்கும் அந்த வீட்டில் காப்பிகூடக் குடிக்காதவர்கள் உண்டு. பிடித்துப்போனால்தான் இலை போட்டு உட்காருவார்கள். அதற்குக் கை நனைப்பது என்று பெயர். அம்மா இந்தக் காதலை ஒப்புக்கொள்ள மூன்று வருஷம் ஆனது. ஒப்புக்கொண்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “நான் இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் வர முடியாது. நீயாவது போய் வீடு வாசல் பார்த்துட்டு வா. அவங்க அம்மா கையால சாப்பிட்டுட்டு வா. அப்புறம் தேதி குறிக்கலாம்.”

ஆக, அம்மா வீடு பார்த்துவிட்டுக் கல்யாணம் என்கிறாள். நீங்கள் கல்யாணம் பண்ணிவிட்டு வீடு பாருங்கள் என்கிறீர்கள். அந்தக் காலத்தில் மாப்பிள்ளையைத் தாலி கட்டும்போதுதான் பார்த்தோம் என்று கதை சொல்லும் என் பெரியம்மாக்களின் முறைக்கே என்னைத் திருப்பி அனுப்புகிறது பிரஸ்ஸல்ஸ்.

பாட்டியின் கதை வேறு. லால்குடிப் பக்கம், 1955-இல், ஐயர் இல்லாமல் மாலை மாற்றி நடந்த சுயமரியாதைத் திருமணம். அப்படி நடந்த திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்று அதற்கு முன்பே உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. 1967-இல் அண்ணா ஆட்சிக்கு வந்து சட்டத் திருத்தம் கொண்டுவந்தார். முன்னால் நடந்தவையும் அதில் செல்லுபடியாயின. அதற்குள் பாட்டிக்கு மூன்று பிள்ளைகள். பன்னிரண்டு வருஷம், ஒரு வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு அவள் உங்கள் மொழியில் ‘பதிவு செய்யப்படாத இணை’. அந்தப் பன்னிரண்டு வருஷமும் அவளுடைய வாழ்க்கை நீடித்ததா இல்லையா என்று ஊரில் யாருக்கும் சந்தேகம் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பாட்டி தாத்தாவுக்கு வழியாவது இருந்தது, அரசு பிறகு வந்து சேர்ந்துகொண்டது. இங்கே ஓர் ஆணும் ஓர் ஆணும், ஒரு பெண்ணும் ஒரு பெண்ணும் இணையாக இருந்தால் அவர்களிடம் ‘கல்யாணம் பண்ணிக்கொண்டு வா’ என்று சொல்வதற்கே பொருளில்லை. 2023 அக்டோபர் 17 அன்று எங்கள் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைத் தர மறுத்துவிட்டது.

உங்களால் முடியாது என்றால் நான் எழுதியே இருக்க மாட்டேன். முடியும் என்று 2020-இல் நீங்களே காட்டினீர்கள். கொரோனாக் காலத்தில் எல்லைகளை மூடியபோது, கல்யாணம் ஆகாத ஜோடிகள் ‘காதல் சுற்றுலா அல்ல’ என்று உலகம் முழுக்கக் குரல் எழுப்பினார்கள். டென்மார்க் திறந்தது, நெதர்லாந்து திறந்தது, ஆகஸ்ட் 10 முதல் ஜெர்மனியும் வழி விட்டது. ஜெர்மனி கேட்டது என்ன? இருவரும் கையெழுத்திட்ட ஓர் உறவு அறிக்கை, அழைப்புக் கடிதம், முன்பு சந்தித்ததற்கு அடையாளமாகப் பாஸ்போர்ட் முத்திரை, டிக்கெட். கூடுதலாகப் புகைப்படம், கடிதம்கூடக் காட்டலாம். அது நுழைவுத் தடைக்கு விலக்கு, விசாவுக்கு மாற்று அல்ல என்பது எனக்குத் தெரியும். எங்கள் நாடும் அப்போது கதவைச் சாத்தியதுதான். 2020 மார்ச்சில் நிறுத்திய சுற்றுலா விசா 2021 அக்டோபர், நவம்பரில்தான் மறுபடி திறக்கத் தொடங்கியது. அத்தனை மாதங்கள் நாங்கள் போன் திரையில்தான் குடித்தனம் நடத்தினோம். ஆனால் ஒரு பெருந்தொற்றின் நடுவில் ஓர் அதிகாரி முத்திரைகளைப் பார்த்து ‘ஆம், இவர்கள் ஜோடி’ என்று முடிவு செய்ய முடிந்தது என்றால், சாதாரண நாளில் அதே முத்திரைகள் ஏன் சந்தேகத்துக்கு ஆதாரமாகின்றன?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. 2023-இல் நிறைவேற்றிய சட்டப்படி விசா விண்ணப்பத்தை முழுக்க ஆன்லைனுக்குக் கொண்டுபோகும் தளத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஸ்டிக்கர் போய் டிஜிட்டல் விசா வருமாம். அந்தத் திரையில் கல்யாணம் ஆகாத இணைக்கென்று ஒரு கட்டம் வையுங்கள். சொந்த நாட்டில் வசிக்கும் ஐரோப்பியரின் இணைக்கும் அந்தக் கட்டம் திறக்கட்டும். அதைத் தொட்டால் 2020-இல் கேட்ட அதே காகிதங்களைக் கேளுங்கள், இன்னும் நாலு சேர்த்துக் கேட்டாலும் தருகிறோம். உறவை மறைக்காமல் சொன்னது ஒருவருக்கு எதிராகக் கணக்கில் வரக் கூடாது என்று அதிகாரிகளின் கையேட்டில் ஒரு வரி எழுதுங்கள். மறுப்பதாக இருந்தால், டிக்கின் பக்கத்தில் எதனால் சந்தேகம் என்று இரண்டு வாக்கியம். 2024-இல் இந்தியாவிலிருந்து மட்டும் பதினோரு லட்சம் பேருக்கு மேல் ஷெங்கன் விசா கேட்டார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவுக்கு மறுப்பு. அத்தனை பேருக்கும் கட்டுரை எழுத முடியாது, புரிகிறது. இரண்டு வாக்கியம் போதும்.

அதே 2024 ஏப்ரலில் எங்களுக்கென்று ஒரு சலுகை அறிவித்தீர்கள். மூன்று வருஷத்துக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் போய்வந்தவர்களுக்கு இரண்டு வருஷ விசா, அதன் பிறகு ஐந்து வருஷ விசா. நன்றி. எங்கள் தோழிக்கு இன்னும் ஒரு டூர் பேக்கேஜ் போனால் கிடைத்துவிடும். முதல் விசாவே வராதவளுக்கு அது மாடியில் காயும் வடகம்.

அதற்குள் இங்கே ஒன்று நடந்தது. எழுபது முடிந்த அந்த அம்மா இ-விசா எடுத்துக்கொண்டு 2025 பொங்கலுக்கு மகனோடு குரோம்பேட்டைக்கு வந்துவிட்டார். எழுபதுக்கு நாங்கள் பீமரத சாந்தி செய்வோம் என்று யாரோ சொல்லிவைக்க, தனக்கென்று பட்டுப்புடவை எங்கே என்று கேட்டார். வாழை இலையில் பொங்கலும் கத்தரிக்காய்க் கொத்சுவும் பரிமாறினோம். இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். சொல்லிக்கொடுத்தேன். அம்மா கை கழுவத் தண்ணீர் ஊற்றியபடியே தமிழில் சொன்னாள், அவருக்குப் புரிந்ததோ இல்லையோ: “சம்பந்தியம்மா, முறைப்படி நாங்கதான் முதல்ல வந்து கை நனைச்சிருக்கணும். எங்க பொண்ணை விடமாட்டேங்கிறாங்க.”

அடுத்த மாதம் 14-ஆம் தேதி காலை ஒன்பதே முக்காலுக்கு மறுபடி அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறேன். எழும்பூர்க்காரர் இன்னும் போன் எடுக்கிறார். டூர் பிளான் தயாராக இருக்கிறதாம். கவரிங் லெட்டரில் இந்த முறை நான் யார் என்று எழுதட்டும்? பதினான்காம் தேதிக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
குரோம்பேட்டையிலிருந்து ஒரு சகபயணி